பழைய வீட்டு வீடியோக்களையும் ஃபிலிம் சுருள்களையும் மீட்டுப் பகிரும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியான வழிமுறை

வீட்டில் எடுத்த பழைய படங்களைக் கணினிக்கு மாற்றிப் பலருக்கும் காட்ட முனைபவர்கள் பெரும்பாலும் ஒரே கோளாறுகளைத்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள். அவற்றில் பலவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். சிலவற்றை வீட்டில் தொட்டால் படம் நிரந்தரமாக அழிந்துவிடும். வீடியோ கேசட்டை ஓட்டும் இயந்திரமான விசிஆரைக் கடைசி வரை தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டதால், நல்ல நிலையில் இருக்கும் இயந்திரமும் இப்போது கேசட்டைப் போலவே காப்பாற்ற வேண்டிய பொருளாகிவிட்டது. பழுதடைந்த ஒரு கேசட் இயந்திரத்தைக் கெடுக்கும், கெட்ட இயந்திரம் அடுத்த கேசட்டைக் கெடுக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு சோதனையையும் செய்ய வேண்டும்.

எந்த அறிகுறிக்கும் முன்பாகச் செய்ய வேண்டியவை இரண்டு. விஎச்எஸ் கேசட்டின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். கைக்கேமராவில் போடும் சிறு கேசட்டுகளான மினிடிவி, ஹை8 ஆகியவற்றில் அதற்கான சிறு தாழ்ப்பாளைப் பதிவு செய்ய முடியாத நிலைக்குத் தள்ளுங்கள். அதன்பின் கை தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. அடுத்து, போனாலும் கவலையில்லாத, ஆனால் நன்றாக ஓடும் கேசட் ஒன்றைச் சோதனைக்கென்றே ஒதுக்கி வையுங்கள். கீழே 'சோதனைக் கேசட்' என்று சொல்வதெல்லாம் அதைத்தான்.

இயந்திரத்தில் போடுவதற்கு முன்பே தெரியும் கோளாறுகள்

நாடாவின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது

கேசட்டின் சாளரத்தின் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் நாடாவின் பக்கவாட்டு விளிம்பு இசைத்தட்டின் மேற்பரப்பைப் போல ஒரே கருமையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். ஒரே ஒரு சுற்று மட்டும் சற்று மேலெழும்பி ஒளியைப் பிரதிபலித்தால் அது சீரற்ற சுற்று; ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றினால் சரியாகிவிடும். வெள்ளைத் திட்டுகளாகவோ மெல்லிய இழைகளாகவோ பல சுற்றுகளின் மேல் படர்ந்திருந்தால் அது பூசணம். அந்தக் கேசட்டை எந்த இயந்திரத்திலும் போடக் கூடாது, வேகமாகச் சுற்றியும் பார்க்கக் கூடாது. உதிரும் தூள், இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளுக்கும் பரவும். தனிப் பையில் இட்டு, மற்றவற்றிலிருந்து விலக்கி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பூசணத்தூள் மூச்சுக்குழாய்க்கும் கேடு என்பதால் முகக்கவசமின்றிப் பெட்டியைத் திறக்க வேண்டாம். இங்கிருந்து தொழில்முறை வல்லுநரின் வேலை தொடங்குகிறது.

ஃபிலிம் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கிறது

அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. வினிகரின் வாடையும் அதே அமிலத்தினுடையதுதான். இந்தச் சிதைவு தொடங்கிய பிறகு நிற்பதில்லை. வேகத்தைக் குறைக்க மட்டுமே முடியும். அதோடு, வெளிவரும் ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல சுருள்களின் சிதைவையும் தூண்டிவிடும். ஆகவே வாடை வரும் சுருளை உடனே பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள். குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைத்து, மாற்ற வேண்டியவற்றின் வரிசையில் அதை முதலில் நிறுத்துங்கள்.

வாடை மட்டும் இருந்து, ஃபிலிம் வளைந்து கொடுத்துத் தட்டையாக நின்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு அடி நீளத்தை மேசைமேல் விரித்துப் பாருங்கள். அலை அலையாக எழும்பினாலோ, குறுக்காக வளைந்து கால்வாய்போல நின்றாலோ, விளிம்பில் வெள்ளைத் துகள் படிந்திருந்தாலோ அது சுருங்கத் தொடங்கிவிட்டது. சுருங்கிய ஃபிலிமின் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாமல் கிழியும். பற்கள் இல்லாமல் உருளைகளால் நகர்த்தும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: 8 மி.மீ. ஃபிலிமில் இரண்டு வகை உண்டு. 1932இல் வந்த ரெகுலர் 8இல் துளைகள் பெரியவை, இரு படங்களுக்கு இடையிலான கோட்டின் அருகே இருக்கும்; 1965இல் வந்த சூப்பர் 8இல் துளைகள் சிறியவை, ஒவ்வொரு படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும். அகலம் ஒன்றுதான் என்பதால் ஒன்றுக்கான புரொஜெக்டரில் மற்றொன்றை ஏற்றிக் கிழித்துவிடுபவர்கள் உண்டு.

கேசட் ஓடும்போது தெரியும் கோளாறுகள்

ஒலி கேட்கிறது, படம் மட்டும் புள்ளி மழையாக இருக்கிறது

எல்லாவற்றிலும் அதிகமாக வரும் கோளாறு இது. காரணமும் பெரும்பாலும் மலிவானதே. விஎச்எஸ்ஸில் சாதாரண ஒலியை அசையாத ஒரு ஹெட் படிக்கிறது. படத்தைச் சுழலும் உருளையில் பதித்த மிக நுண்ணிய ஹெட்டுகள் படிக்கின்றன. ஒலி வந்து படம் வராமலிருந்தால் அந்த நுண்ணிய ஹெட்டுகளில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சோதனைக் கேசட்டைப் போடுங்கள். அதுவும் புள்ளி மழையாக வந்தால் குறை இயந்திரத்தில். மின்சாரத்தைத் துண்டித்து, மேல்மூடியைக் கழற்றுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோல் துடைப்பானை உருளையின் பக்கவாட்டில் மெதுவாக, அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்புறத்தைச் சுழற்றுங்கள். துடைப்பான் நிற்க வேண்டும், உருளைதான் சுழல வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை ஒடிந்துவிடும். பஞ்சு சுற்றிய குச்சியின் நார் அதே முனையில் சிக்கும் என்பதால் அது கூடவே கூடாது. தோலில் பழுப்புக் கோடு படிவதைக் காண்பீர்கள். கோடு படிவது நிற்கும் வரை இடத்தை மாற்றி மாற்றித் துடைத்து, முழுமையாக உலர்ந்த பிறகே கேசட்டைப் போடுங்கள். கடையில் விற்கும் ஹெட் கிளீனிங் கேசட்டுகளில் உலர்வகை ஹெட்டைத் தேய்த்துவிடக்கூடியது. வேறு வழியில்லாதபோது மட்டும், அதன் உறையில் சொன்ன நேரத்துக்கு மேல் ஓட்டாமல் பயன்படுத்தலாம்.

சோதனைக் கேசட் தெளிவாக வந்து, உங்கள் கேசட் மட்டும் சில நிமிடங்கள் ஓடிய பிறகு புள்ளியாக மாறினால் நிலைமை வேறு. அந்த நாடாவே உதிர்ந்து ஹெட்டை அடைக்கிறது. கூடவே கீச்சென்ற சத்தம் கேட்டால், காந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். இத்தகைய நாடாவைக் கட்டுப்படுத்திய குறைந்த சூட்டில் பல மணி நேரம் உலர்த்திய பிறகு ஓட்டுவார்கள். அது வல்லுநரின் கருவியில் செய்வது. வீட்டு அடுப்பில் ஒருபோதும் முயல வேண்டாம்.

துடைத்த பிறகும் சோதனைக் கேசட் தெளியவில்லையென்றால் ஹெட் தேய்ந்திருக்கலாம். ஹெட் மாற்றுவதைவிட, நல்ல நிலையில் உள்ள வேறொரு இயந்திரத்தைக் கடன் வாங்குவது பெரும்பாலும் மலிவு.

படத்தில் குறுக்காக ஒரு பட்டை நிற்கிறது, அல்லது மேல்விளிம்பு வளைகிறது

பட்டை நின்றால், நாடாவின் தடத்தோடு ஹெட்டைப் பொருத்தும் தானியங்கி டிராக்கிங்கை விட்டுவிட்டுக் கையால் திருகிச் சரிசெய்யுங்கள். பதிவு செய்த கேமரா இன்னும் ஓடுமானால் அதிலேயே போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது, ஏனெனில் ஒவ்வொரு கேமராவும் சற்றே வேறுபட்ட கோணத்தில் எழுதுகிறது.

மேல்விளிம்பு கொடிபோல வளைந்து ஆடினால், நாடாவிலிருந்து வரும் சமிக்ஞையின் நேரக்கணக்கு தடுமாறுகிறது. பழைய தொலைக்காட்சிப் பெட்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். வீடியோவைக் கோப்பாக மாற்றக் கணினியில் செருகும் கேப்சர் கருவி பொறுக்காது. வீட்டில் எடுத்த படத்தைப் பார்த்து 'காப்புரிமைப் பாதுகாப்பு உள்ளது' என்று சில கருவிகள் பதிவை நிறுத்திவிடுவதும் இதே தடுமாற்றத்தால்தான். வரிகளைச் சீராக்கும் டிபிசி என்ற சுற்று உள்ள எஸ்-விஎச்எஸ் டெக் (உயர்வகை விசிஆர்) இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால், சில டிவிடி ரெக்கார்டர்களின் வழியே சமிக்ஞையை ஊடுகடத்தினாலே பெருமளவு நேராகிவிடும். தனி டிபிசி கருவி விலை கூடியது; ஒரு சில கேசட்டுகளுக்காக வாங்குவதைவிட அந்த வேலையை வெளியில் கொடுப்பதே சரி.

கீழ்விளிம்பில் சில வரிகள் மட்டும் எப்போதும் கலைந்திருந்தால் அது கோளாறே அன்று. ஒரு ஹெட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய தொலைக்காட்சிகளில் திரையின் விளிம்புக்கு அப்பால் மறைந்திருந்தது. மூலப் பதிவில் அதை அப்படியே விட்டுவிட்டு, பகிரும் பிரதியில் கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது அல்லது உருண்டுகொண்டே போகிறது

முதலில் கம்பியைப் பாருங்கள். எஸ்-வீடியோ இணைப்பு அரைகுறையாக இருந்தாலே வண்ணம் போய்விடும். அடுத்து, கேப்சர் மென்பொருளில் நாட்டுக்கு நாடு மாறும் வீடியோ முறைகளான பிஏஎல், என்டிஎஸ்சி ஆகியவற்றுக்கான அமைப்பைச் சரிபாருங்கள். வேறு நாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டாக இருந்தால் அதன் முறையே வேறாக இருக்கும். என்டிஎஸ்சி கேசட்டையும் ஓட்டும் பிஏஎல் விசிஆர்கள் இரண்டும் கலந்த ஒரு சமிக்ஞையை அனுப்புகின்றன. தொலைக்காட்சி அதை ஏற்றாலும் பல கேப்சர் கருவிகள் ஏற்பதில்லை. அந்தந்த முறைக்கே உரிய இயந்திரம் தேவை.

ஒலி கரகரக்கிறது, விட்டுவிட்டு வருகிறது

ஹைஃபை என்ற உயர்தர ஒலி வசதியுள்ள விசிஆர், ஹைஃபை ஒலித்தடத்துக்கும் சாதாரணத் தடத்துக்கும் இடையே தானாகவே மாறி மாறித் தாவும்போது இந்தக் கரகரப்பு எழும். மெனுவில் ஒலியைச் சாதாரணத் தடத்துக்கு நிலையாக மாற்றுங்கள். இதற்கு மாறாக, படத்தின் மேல் பின்னாளில் பாட்டை ஏற்றியிருக்கும் கேசட்டுகளில் ஹைஃபை தடத்தையும் கேட்டுப் பாருங்கள். விசிஆரின் ஒலி மாற்றும் வசதி சாதாரணத் தடத்தில் மட்டுமே எழுதும். பதிவு முதலில் ஹைஃபையில் இருந்து, கையில் உள்ளதும் அசல் கேசட்டாக இருந்தால், அன்று பேசிய குரல்கள் பாட்டுக்கு அடியில் சேதமின்றி இருக்க வாய்ப்புண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் தெரிந்துவிடும் இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தத் திருமணக் கேசட்டையும் மாற்றி முடித்ததாகக் கருத வேண்டாம்.

நாடா அறுந்துவிட்டது

விஎச்எஸ் கேசட்டின் அடிப்புறத்தில் ஐந்து திருகுகள் உள்ளன. திறந்து, கசங்கிய நுனிகளை நேராக வெட்டி, காந்தப் பூச்சு இல்லாத பின்புறத்தில் நாடா ஒட்டுவதற்கென்றே விற்கும் ஒட்டுநாடாவால் இணையுங்கள். காகிதம் ஒட்டும் சாதாரண டேப்பின் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டும். ஒட்டிய இடம் ஹெட்டின் மேல் ஓடாதபடி, முன்பகுதியையும் பின்பகுதியையும் தனித்தனியாகப் பதிவு செய்வதே பாதுகாப்பு.

மினிடிவியில் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது

ஹெட் அழுக்கு முதல் காரணம். அடுத்தது, எல்பி என்ற நீள்நேர முறையில் பதிந்த கேசட்; அது பதிந்த கேமராவைத் தவிர வேறெதிலும் ஒழுங்காக ஓடுவது அரிது. மாற்றும்போது ஃபயர்வயர் என்ற தரவுக்கம்பி இணைப்பையே பயன்படுத்துங்கள். அதன் வழியே நாடாவில் உள்ள தரவு மாறாமல் அப்படியே, மணிக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் அளவில் வரும். பல கேமராக்களின் யுஎஸ்பி துளை தரம் குறைந்த படத்தையே அனுப்புகிறது.

ஃபிலிமை மாற்றிய பிறகு தெரியும் கோளாறுகள்

மனிதர்கள் ஓடுவதுபோல வேகமாக நடக்கிறார்கள்

ரெகுலர் 8 பெரும்பாலும் விநாடிக்கு 16 படங்கள், சூப்பர் 8 பெரும்பாலும் 18 படங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டவை. ஸ்கேன் செய்தவர் 24 அல்லது 25 என்று கோப்பை அமைத்திருந்தால் வேகம் கூடிவிடும். மறுபடி ஸ்கேன் செய்யத் தேவையில்லை. கோப்பின் பட வேகத்தை மட்டும் மாற்றினால் போதும். 50 அடி சூப்பர் 8 சுருள் 18 வேகத்தில் 3 நிமிடம் 20 விநாடி ஓட வேண்டும் என்பதை வைத்துச் சரிபார்க்கலாம்.

சுவரில் ஓட்டிக் கேமராவில் பிடித்த படம் மினுக்குகிறது

ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் மூன்று இறக்கை மறைப்பான் உள்ள புரொஜெக்டரின் வேகத்தை விநாடிக்கு 16⅔ படங்களாகக் குறைத்தால் ஒளி விநாடிக்கு 50 முறை மின்னும். விநாடிக்கு 25 படம் பிடிக்கும் கேமராவோடு அது இசைந்துவிடும். கேமராவின் ஒளி அளவைக் கையால் நிலைநிறுத்துங்கள். ஆனால் இந்த முறையை அவசரப் பிரதிக்கு மட்டுமே பரிந்துரைப்பேன். சேமிப்புக்கு ஒவ்வொரு படமாக எடுக்கும் ஸ்கேன்தான் வேண்டும்.

படம் வந்தது, ஒலி இல்லை

அசல் ஃபிலிமின் விளிம்பைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு ஓடினால் அது காந்த ஒலித்தடம். 1973 முதல் சூப்பர் 8இல் ஒலியோடு படம் எடுக்கும் கேமராக்கள் வந்தன. பல ஸ்கேனர்கள் படத்தை மட்டுமே எடுக்கும். ஒலியையும் படிக்கும் இடத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். கோடு இல்லையென்றால் படம் பிறவியிலேயே ஊமைப்படம். சாயம் வெளுத்து இளஞ்சிவப்பாகிப்போன வண்ணப் படங்களில் நிறத்தை ஓரளவு சமன்செய்யலாம், முழுமையாக மீட்க முடியாது.

கணினிக்குள் வந்த பிறகு

உதட்டசைவும் ஒலியும் பொருந்தவில்லை

தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில், யாராவது கைதட்டும் காட்சியையோ கதவு சாத்தும் காட்சியையோ பார்த்து விலகலை அளந்துகொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே அளவாக இருந்தால் எடிட்டிங் மென்பொருளில் ஒலியை நகர்த்தினால் முடிந்தது. போகப் போகக் கூடினால், படம் கேப்சர் கருவி வழியாகவும் ஒலி கணினியின் ஒலி அட்டை வழியாகவும் வந்திருக்கும்; இரண்டின் கடிகாரங்களும் ஒன்றல்ல. ஒலிக்கம்பியையும் கேப்சர் கருவியிலேயே செருகி மறுபடி பதியுங்கள். ஓரிடத்தில் திடீரென்று தாவினால் அங்கே படங்கள் விடுபட்டிருக்கின்றன. யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாகச் செருகி, மற்ற நிரல்களை மூடி, உள்வட்டில் பதியுங்கள். விடுபட்ட படங்களின் எண்ணிக்கையைக் காட்டும் மென்பொருளையே பயன்படுத்துங்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் கேசட்டைத் தூக்கி வைக்கக் கூடாது.

அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப்பல்போலக் கோடுகள். முகங்கள் அகன்று தெரிகின்றன

கோடுகள் கோளாறல்ல, பழைய வீடியோ ஒரு படத்தை இரு பாதிகளாகப் பதிந்ததன் தடயம். மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, பகிரும் பிரதியை மட்டும் விநாடிக்கு 50 முழுப் படங்களாக மாற்றுங்கள். என்டிஎஸ்சி என்றால் 59.94. மாற்றிய பிறகு அசைவு முன்னும் பின்னுமாக உதறினால் பாதிகளின் வரிசை தவறு, அதை மாற்றி அமையுங்கள். பிஏஎல் வீடியோவின் 720×576 புள்ளிகள் 4:3 விகிதத்தில் காட்டப்பட வேண்டியவை. அகன்ற திரையை நிரப்புவதற்காக இழுப்பதும், மேலும் கீழும் வெட்டுவதும் படத்துக்குச் செய்யும் அநியாயம்.

பகிரும்போது வரும் கோளாறுகள்

அனுப்பிய படம் கைபேசியில் திறக்கவில்லை, அல்லது மங்கிவிட்டது

சேமிப்புக்கு எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத வடிவம் சரி. ஆனால் கைபேசி அதைத் திறக்காது. எச்.264 முறையில் சுருக்கிய எம்பி4 கோப்பாக ஒரு பிரதி எடுங்கள். செய்திச் செயலிகள் வீடியோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். மூலக் கோப்பு மூன்று பிரதிகளாக, இரு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை எழுதி வைத்தால், பின்னாளில் எண் மாறிய பிரதியை விட்டுவிட்டு மாறாததிலிருந்து மீட்கலாம்.

பதிவேற்றியதும் ஒலி அடைக்கப்பட்டது

பின்னணியில் ஓடும் பாட்டைத் தளம் தானாகக் கண்டுபிடித்திருக்கும். பாட்டு வரும் பகுதியை மட்டும் ஒலியடக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன ஹைஃபை தடத்தில் பாட்டில்லாத அசல் ஒலி கிடைத்திருந்தால் அதை வைத்துப் புதிய பிரதி எடுப்பதே நல்ல தீர்வு.

படம் தெளிவாக இருக்கிறது, ஆனால் யார் யாரென்று தெரியவில்லை

எந்த இயந்திரக் கோளாறையும்விட இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். கேசட்டைச் சில ஆண்டுகள் கழித்தும் மாற்றிவிடலாம். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய மூத்தவர் அதுவரை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே நிறத்திருத்தம், சத்தம் நீக்கம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு, முதல் சுமாரான பிரதி கையில் வந்ததுமே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் மேலுறையில் உள்ள எழுத்தைப் படமெடுங்கள். அடுத்து, ஒவ்வொரு முகமும் நன்றாகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, நிமிட விநாடிக் குறிப்போடு அச்சிட்டுக்கொண்டு பெரியவர்களிடம் போங்கள். சிறு திரையில் ஓடும் படத்தைவிடக் கையில் பிடித்துப் பார்க்கும் தாள் அவர்களுக்கு எளிது. நீங்களாக ஒரு பெயரைச் சொல்லி 'இவர்தானே' என்று கேட்காதீர்கள், அவர்கள் தலையசைத்துவிடுவார்கள். 'இவர் யார்' என்று மட்டும் கேளுங்கள். இருவர் தனித்தனியாக ஒரே பெயரைச் சொன்னால் உறுதி என்று எழுதுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் கேள்விக்குறியோடு எழுதி, சொன்னவரையும் குறியுங்கள்.

அதற்குமேல் கூட்டுத் திரையிடல். 2003 முதல் பல நாடுகளில் நடந்துவரும் 'ஹோம் மூவி டே' நிகழ்வுகளில் மக்கள் தங்கள் சுருள்களைக் கொண்டுவர, அவற்றைச் சோதித்த பிறகே திரையிடுகிறார்கள். அதே முறையைச் சிறிய அளவில் எங்கும் செய்யலாம். ஒலியில்லாத படமே இதற்கு மிகப் பொருத்தம், பார்ப்பவர்கள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். முன்கூட்டி அனுமதி பெற்று அந்தப் பேச்சைப் பதிவு செய்து, படத்தின் நேரத்தோடு இணைத்து வையுங்கள்.

படத்தில் இருக்கும் ஒருவர் எடுத்துவிடச் சொல்கிறார்

உடனே எடுத்துவிட்டுப் பிறகு பேசுங்கள். வீட்டுக்குள் பார்க்க எடுத்த படம் அது; பொதுவில் வரும் என்று அன்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. இது வராமல் தடுக்க, குழந்தைகள் குளிக்கும் காட்சி, நோயுற்றவர், சண்டை, முகவரிப் பலகை ஆகியவை வரும் இடங்களைப் பகிர்வதற்கு முன்பே குறித்து, பகிரும் பிரதியிலிருந்து மட்டும் வெட்டுங்கள். முதல் சுற்றில் படத்தில் தோன்றும் குடும்பங்களுக்கு மட்டும் தனி இணைப்பாக அனுப்பி, அவர்கள் மறுப்புச் சொல்ல அவகாசம் கொடுத்த பிறகே பொதுவில் வையுங்கள். குடும்பத்துக்குள்ளேயே இசைவு வராவிட்டால், பார்வைக் கட்டுப்பாட்டோடு பெற்றுக்கொள்ளும் நூலகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ மூலத்தை ஒப்படைத்து, எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, யாருக்குத் திறக்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.